சனாதிபதிக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம்

ஐக்கிய அமெரிக்காவின் உப சனாதிபதியாக விளங்கிய ஹியூபேட் ஹம்பிரி 1976ஆம் ஆண்டிலே தமது வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டபோது, பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர் தாம் எழுதிய கடிதமொன்றையும் அதனுள் சேர்த்துக்கொண்டார். 1965 பெப்ரவரி நடுப்பகுதியிலே சனாதிபதி லின்டன் யோன்சனுக்கு அந்தரங்கமாக அனுப்பப்பட்ட கடிதம் அது. வியட்நாம் போரை மேலும் விரிவாக்க வேண்டாம் என்று அது கேட்டுக்கொண்டது. எழுதப்பட்ட காலத்தில் அதனை வாசித்தோர் மிகச் சிலரே. அது அச்சேறியபோது போர் முடிந்து ஓராண்டு கழிந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில், அதனை எழுதியவரே அப்போருக்காகப் பேசும் முதன்மையான பிரசாரகராக நாடெங்கும் சுற்றிவந்தார். அவருடைய கட்சியோ அப்போரினாலேயே பிளவுண்டது.

அமெரிக்க வரலாற்றில் எனக்கு விசேட பயிற்சி எதுவுமில்லை. ஆயினும் இக்கடிதத்தின் கதை பல்லாண்டுகளாக என்னை விட்டகலாது நிற்கின்றது. அதற்கு என் மாணவப் பருவத்தில் நேர்ந்த சிறு சம்பவமொன்றும் காரணம். அதனை உரிய இடத்திற் சொல்வேன்.

கடிதத்தை விளங்கிக்கொள்வதற்கு அது எழுதப்பட்ட வேளையை மனங்கொள்ளுதல் வேண்டும். சனநாயகக் கட்சி அன்று தன் வெற்றியின் உச்சியில் நின்றது. 1964 நவம்பர்த் தேர்தலில் யோன்சனுக்கு நூற்றுக்கு 61 வீதமான வாக்குகள் கிடைத்திருந்தன. செனற் சபையின் 100 ஆசனங்களுள் 68உம், பிரதிநிதிகள் சபையின் 435 ஆசனங்களுள் 295உம் அக்கட்சியின் வசமாயின. எனினும் அது ஒரே கொள்கையின்பாற் பிறந்த கட்சியன்று. 1930களில் ரூஸ்வெல்ற் அமைத்த கூரையின் கீழ், தென் மாநிலத்து வெள்ளையின நிலவுடைமையாளரும், வட நகரங்களின் தொழிற்சங்கத்தினரும், கறுப்பின வாக்காளரும், கத்தோலிக்கரும் யூதரும், பல்கலைக்கழக அறிவாளரும் ஒருங்கே குடியிருந்தனர். இத்தகைய வீட்டில் மழை பெய்யாதவரையிற்றான் அமைதி நிலவும்.

மழையின் முதற்றுளி 1964 ஓகஸ்டிலேயே விழுந்துவிட்டது. தொங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416 வாக்குகளால், எதிர்ப்பு எதுவுமின்றி நிறைவேறிற்று. செனற்றில் 88 பேர் ஆதரித்தனர். இருவர் மட்டுமே எதிர்த்தனர். அவ்விருவரும், ஒறிகன் மாநிலத்து வெய்ன் மோர்சும் அலாஸ்கா மாநிலத்து ஏர்ணெஸ்ற் குறூனிங்கும், சனாதிபதியின் சொந்தக் கட்சியினரே. நான்காண்டுகளின் பின் நாற்பது வீதமாகப் பெருகப்போகும் ஓர் எதிர்ப்பு, அன்று இரண்டு கிழவர்களின் பிடிவாதமாகவே பலருக்குத் தோன்றியது.

1965 பெப்ரவரி 7ஆந் திகதி பிளெய்க்குவிலிருந்த அமெரிக்கத் தளம் தாக்கப்பட்டது. உடனடியாக வட வியட்நாம்மீது குண்டு வீசவேண்டும் என்ற எண்ணம் வாசிங்ரனில் மேலோங்கிய அவ்வேளையில், சோவியத் பிரதமர் கொசிஜின் ஹனோயில் தங்கியிருந்தார். சனாதிபதி கூட்டிய ஆலோசனைக் கூட்டத்தில் ஹம்பிரி தயக்கம் தெரிவித்தார். அதன் பின்னரே கடிதம் எழுந்தது.

அக்கடிதத்தில் அறநெறி பற்றிய பேச்சு அதிகமில்லை. யோன்சனின் மனத்தை நன்கறிந்த ஒருவர் யோன்சனுக்கு விளங்கும் மொழியிலேயே, அதாவது வாக்குகளின் மொழியிலேயே, எழுதியிருக்கிறார். போரை விரும்பியவர் என்று கருதப்பட்ட கோல்ட்வாட்டரைத் தோற்கடித்துத்தான் நாம் வந்தோம். இனி அவர் சொன்னதையே நாம் செய்வோமாயின் மக்கள் குழப்பமடைவர் என்கிறார். இழப்பை ஏற்றுக்கொண்டு விலகுதல் எக்காலத்தும் கடினம். ஆனால் குடியரசுக் கட்சி வீழ்ந்து கிடக்கும் 1965ஆம் ஆண்டே அதற்கு ஆபத்துக் குறைந்த ஆண்டு என்கிறார். தேர்தல் முடிந்த கையோடு வந்த ஆண்டினை இவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்ட எழுத்து வேறொன்று இருக்குமோ என்பது ஐயமே. எல்லாவற்றிலும் மேலாக, போர் நீடிக்குமாயின் எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதையும் அவர் சொல்லிவிட்டார். அது எதிர்க்கட்சியிலிருந்து வராது. எம் கட்சியின் தாராளவாதிகளிடமிருந்தும், தொழிலாளரிடமிருந்தும், எப்பக்கமும் சாராதோரிடமிருந்தும் வரும் என்பதே அவரது கணிப்பு. சிக்காகோவில் நிகழப்போவதை மூன்றரை ஆண்டுகளுக்கு முன்னரே எழுதிவைத்தவர் அவர் எனலாம்.

யோன்சனுக்கு அக்கடிதம் உவப்பாயிருக்கவில்லை. வியட்நாம் தொடர்பான ஆலோசனைகளிலிருந்து உப சனாதிபதி ஏறத்தாழ ஓராண்டு காலம் ஒதுக்கிவைக்கப்பட்டார். பதவியிலிருந்து நீக்கப்படவில்லை, வெளிப்படையாகக் கடிந்துகொள்ளப்படவுமில்லை. அறைக்குள் அழைக்கப்படவில்லை, அவ்வளவே. 1966 பெப்ரவரியில் ஆசியப் பயணமொன்று அவருக்கு வழங்கப்பட்டது. சைகோனுக்குச் சென்று மீண்டவர் போரின் தீவிர ஆதரவாளராகத் திரும்பினார். அறைக்கதவும் மீண்டும் திறந்தது.

பதவியாசை என்ற ஒரு சொல்லால் இதனை விளக்கிவிடுவோர் உளர். அது எனக்குப் போதாது. ஏனெனில் இதே ஹம்பிரிதான் 1948இல், மினியாபொலிஸ் நகரபிதாவாக, முப்பத்தேழு வயதிலே, பிலடெல்பியாவிற் கூடிய கட்சி மகாநாட்டில் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பேசியவர். கட்சி உடையும் என்று மூத்தோர் எச்சரித்தனர், அவர் கேட்கவில்லை. மிசிசிப்பிப் பிரதிநிதிகளும் அலபாமாப் பிரதிநிதிகளிற் பாதிப்பேரும் எழுந்து வெளியேறினர். கட்சி உடைந்ததுதான், ஆயினும் அவ்வாண்டுத் தேர்தலில் ட்றூமன் வென்றார். மனச்சாட்சிக்காகக் கட்சியைப் பிளக்கலாம் என்பதைத் தம் வாழ்விலேயே நிரூபித்த ஒருவர், பதினேழு ஆண்டுகளின் பின் ஏன் வாய்மூடினார்?

1965ஆம் ஆண்டின் பத்து நாட்களை நோக்குமிடத்து விடையின் ஒரு பகுதி புலப்படும். யூலை 28ஆந் திகதி யோன்சன் வியட்நாமிலுள்ள படையினரின் தொகையை 75,000இலிருந்து 125,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். யூலை 30ஆந் திகதி முதியோருக்கான மருத்துவக் காப்புறுதிச் சட்டத்திற் கைச்சாத்திட்டார். ஓகஸ்ட் 6ஆந் திகதி கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டத்திற் கைச்சாத்திட்டார். ஹம்பிரி இருபது ஆண்டுகளாக எவற்றுக்காகப் போராடினாரோ அவற்றையெல்லாம் நிறைவேற்றிய அதே கை, அதே பத்து நாட்களுள், அவர் வேண்டாமென்று மன்றாடிய போரையும் விரித்தது. இத்தகைய தலைவனை எதிர்த்துப் பேசுவது எளிதன்று. தீயவனை எதிர்ப்பதற்குத் துணிவு போதும். நாம் விரும்பிய நன்மைகளைச் செய்துகொண்டிருப்பவனை எதிர்ப்பதற்கு வேறேதோ ஒன்று வேண்டியிருக்கிறது. அதற்குப் பெயரிட என்னால் இயலவில்லை.

வெளியே எதிர்ப்பு வளர்ந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம், அது பலரறிந்தது. தொங்கின் தீர்மானத்தைச் செனற்றில் நிறைவேற்றித் தந்த புல்பிறைற் என்பவரே 1966 பெப்ரவரியில் போர் குறித்த பகிரங்க விசாரணைகளை நடத்தினார். தொலைக்காட்சியில் நாடு அதனைப் பார்த்தது. 1967 நவம்பர் 30ஆந் திகதி மினசோட்டாச் செனற்றர் யூஜின் மக்கார்த்தி தம் கட்சியின் சனாதிபதிக்கு எதிராகவே வேட்பாளராகும் முடிவை அறிவித்தார். மறு ஆண்டு தொடக்கத்தில் ரெற் தாக்குதல் நிகழ்ந்தது. மார்ச் 12ஆந் திகதி நியூ ஹம்சயரில் யோன்சனுக்கு 49 வீதமும் மக்கார்த்திக்கு 42 வீதமும் கிடைத்தன. அவருக்காக வீடுவீடாகச் சென்று வாக்குக் கேட்ட பல்கலைக்கழக மாணவர் பலர், ஊர்மக்கள் மிரளாதிருக்கும்பொருட்டுத் தலைமயிரை வெட்டித் தாடியை மழித்துக்கொண்டு சென்றனர் என்பதை எம் மாணவர்க்கு நான் ஆண்டுதோறும் சொல்வதுண்டு. (மக்கார்த்திக்கு வாக்களித்தோருட் சிலர், போரை யோன்சன் போதிய கடுமையுடன் நடத்தவில்லை என்ற கோபத்தில் வாக்களித்தவர்கள் என்று பின்னர் ஆராய்ந்தோர் கண்டதையும் சேர்த்தே சொல்வேன், அப்போது வகுப்பில் உற்சாகம் சற்றுத் தணியும்.) நான்கு நாட்களில் ரொபேட் கெனடியும் களமிறங்கினார். மார்ச் 31இல் யோன்சன் தாம் மீண்டும் போட்டியிடப்போவதில்லை என்றார். கெனடி கலிபோர்ணியாவில் வென்ற இரவிலேயே சுடப்பட்டு, யூன் 6ஆந் திகதி இறந்தார்.

ஹம்பிரி ஏப்பிரல் இறுதியிற்றான் வேட்பாளரானார். முதனிலைத் தேர்தல் எதிலும் அவர் போட்டியிடவில்லை. அத்தேர்தல்களில் அளிக்கப்பட்ட வாக்குகளுட் பெரும்பான்மை மக்கார்த்திக்கும் கெனடிக்குமே சென்றது. ஆயினும் மகாநாட்டுப் பிரதிநிதிகளை அன்று பெரும்பாலும் தெரிவுசெய்தோர் மாநிலத் தலைவர்களும் நகரத் தலைவர்களுமாகையால், வெற்றி ஹம்பிரிக்கே என்பது நிச்சயமாயிருந்தது. தெருவில் ஒரு கட்சியும் மண்டபத்துள் ஒரு கட்சியுமாக அது பிரிந்து நின்றது.

சிக்காகோ மகாநாடு 1968 ஓகஸ்ட் 26ஆந் திகதி ஆரம்பமாயிற்று. அதற்கு முன்னரே ஹம்பிரியின் ஆட்கள் வியட்நாம் பற்றிய சமரசத் தீர்மானமொன்றைத் தயாரித்திருந்தனர். போரெதிர்ப்பாளருட் பலரும் ஏற்கத்தக்கதாக அது அமைந்திருந்தது. இராசாங்கச் செயலாளரிடமும் காட்டப்பட்டது. ஆனால் ரெக்சாசிலுள்ள தமது பண்ணையிலிருந்தவாறே யோன்சன் அதனை மறுத்துவிட்டார். ஹம்பிரி பணிந்தார். இரண்டாம் முறை பணிந்தது இது. முதன்முறை கடிதத்தை எழுதிவிட்டுப் பணிந்தார், இம்முறை தீர்மானத்தை எழுதிவிட்டுப் பணிந்தார்.

28ஆந் திகதி பிற்பகல் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. குண்டுவீச்சை நிபந்தனையின்றி நிறுத்தக் கோரிய சமாதானத் தீர்மானத்துக்கு எதிராக 1,567¾ வாக்குகளும் ஆதரவாக 1,041¼ வாக்குகளும் அளிக்கப்பட்டன. சில மாநிலங்களில் ஒரு வாக்கினைப் பலர் பகிர்ந்துகொண்டமையாலேயே இக்காலும் முக்காலும் தோன்றின. எனினும் அவ்வெண்களைக் காணுந்தோறும், மனச்சாட்சியை நான்காகக் கூறுபோட்டு முக்காற் பங்கினை ஒரு பெட்டியிலும் காற்பங்கினை மற்றதிலும் இட்ட யாரோ ஒருவரையே நான் நினைப்பதுண்டு. முடிவு அறிவிக்கப்பட்டதும் நியூயோர்க் பிரதிநிதிகள் கறுப்புப் பட்டியணிந்து, குடியுரிமை இயக்கத்தின் பாடலைப் பாடத் தொடங்கினர். அன்றிரவு மிச்சிகன் வீதியில், ஹில்ரன் ஹோட்டலின் முன்னால், பொலிசார் இளைஞரைத் தடிகளால் அடித்து நொறுக்கும் காட்சி தொலைக்காட்சியிற் சென்றது. கண்ணீர்ப்புகை அக்ஹோட்டலிலிருந்த ஹம்பிரியின் அறைவரை எட்டிற்று. அவ்விரவே அவர் கட்சியின் வேட்பாளராகத் தெரிவானார்.

இனி என் சிறு சம்பவம். மாணவனாயிருந்த காலத்தில் ஒரு சங்கத்தின் செயலாளனாக நான் பணிபுரிந்தேன். வகுப்புப் பகிஷ்கரிப்பொன்று ஐந்தாம் வாரத்தை எட்டியிருந்தது. இடைநிறுத்தப்பட்ட மூவரை மீள எடுக்காமலே பகிஷ்கரிப்பைக் கைவிடுவதென்று செயற்குழு ஒன்பதுக்கு நான்கு என்ற வாக்கில் முடிவுசெய்தது. எதிர்த்த நால்வருள் நானும் ஒருவன். முடிவு எடுக்கப்பட்டபின் வேற்றுமை வெளியே தெரியலாகாது என்பது எமது விதி. அதனை நான் மனமார நம்பியிருந்தேன், இன்றும் ஒருவாறு நம்புகிறேன். செயலாளன் என்ற வகையில் அறிக்கையைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கவேண்டியவனும் நானே. வாசித்தேன். நன்றாகவும் வாசித்தேன் என்பதுதான் பின்னர் என்னை வருத்தியது. சொற்களிற் பாதி என்னுடையவையே. அறிக்கையை எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டிருந்தனர்.

கூட்டம் கலைந்தபின் இடைநிறுத்தப்பட்ட மூவருள் இளையவன் வாசலில் நின்றான். "அண்ணை, நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறீங்களோ?" என்று கேட்டான். கோபம் அவன் குரலில் இல்லை. அறிய விரும்பியே கேட்டான். "குழுவின்ர முடிவு தம்பி" என்றேன். அவன் தலையசைத்துவிட்டுப் போனான். அடுத்த ஆண்டு அவன் திரும்பி வரவில்லை.

ஒரு மாணவர் சங்கத்தின் பகிஷ்கரிப்பையும் பல இலட்சம் வியட்நாமியரும் 58,000 அமெரிக்கரும் மாண்ட போரையும் ஒரே தராசில் வைக்கும் அறியாமை எனக்கில்லை. ஆனால் அன்று வாசலில் நின்றவனிடம் நான் ஒளித்துக்கொண்ட இடம் எதுவோ, அதுவே ஹம்பிரி நான்கு ஆண்டுகள் குடியிருந்த இடமும் என்பதை, பல வருடங்களின் பின் அவரது கடிதத்தை வாசித்தபோது கண்டேன். கட்சிக் கட்டுப்பாடு என்பது பேசாதிருக்கச் சொல்வது மட்டுமாயின் அதனைத் தாங்கலாம். பேசாதிருந்தவனையே பேசவும் வைப்பதில்தான் அதன் கொடுமை இருக்கிறது. அறைக்குள் எதிர்த்தவனின் குரல் வெளியே மற்றவர்களின் குரலைவிட உரத்து ஒலிக்கவேண்டியதாகிறது; அவன்மீது ஐயம் இருப்பதனால்.

செப்தெம்பர் முழுவதும் ஹம்பிரி சென்றவிடமெல்லாம் கூச்சலிட்டுத் தடுக்கப்பட்டார். கலப் நிறுவனத்தின் கணிப்பில் நிக்சனுக்கு 15 புள்ளிகள் பின்னால் நின்றார். அம்மாதம் 30ஆந் திகதி சோல்ற் லேக் நகரிலிருந்து தொலைக்காட்சியிற் பேசியபோது, தாம் சனாதிபதியானால் சமாதானத்துக்காகக் குண்டுவீச்சை நிறுத்தும் ஆபத்தை ஏற்கத் தயார் என்றார். 1965இல் அவர் எழுதியதோடு ஒப்பிடுமிடத்து இது மிக மெலிந்த வாசகமே. ஆயினும் அவ்வுரைக்காக, பேச்சு மேசையிலிருந்த உப சனாதிபதியின் இலச்சினை அகற்றப்பட்டது. வேட்பாளர் என்றே அவர் அறிமுகப்படுத்தப்பட்டார். தாம் நினைத்ததில் ஒரு துளியைச் சொல்வதற்கு ஒரு மனிதர் தம் பதவியின் அடையாளத்தைக் கழற்றிவைக்க வேண்டியிருந்தது. சொன்னதும் கூச்சல் தணிந்தது. பணம் வரத் தொடங்கியது. இடைவெளி வாரந்தோறும் குறைந்தது.

ஒக்டோபர் 31ஆந் திகதி யோன்சன் குண்டுவீச்சை நிறுத்தினார். இரண்டு நாட்களில் தென் வியட்நாம் சனாதிபதி தியூ பேச்சுவார்த்தைக்கு வரமறுத்தார். நிக்சன் தரப்பினர் அன்னா செனோல்ற் என்ற இடையாளர் மூலம் சைகோனைத் தாமதிக்கச் சொல்கின்றனர் என்பதை ஒட்டுக்கேட்ட செய்திகள் வாயிலாக யோன்சன் அறிந்திருந்தார். ஹம்பிரிக்கும் அது தெரியவந்தது. அவர் அதனைப் பகிரங்கப்படுத்தவில்லை. நிக்சனே அதற்குப் பணித்திருந்தார் என்பதைக் காட்டும் அவருடைய உதவியாளரின் கையெழுத்துக் குறிப்புகள் 2017இலேதான் வெளியாயின. இந்த மௌனத்தைச் சிலர் பெருந்தன்மை என்பர். எனக்கோ அது பழக்கம் என்றே படுகிறது.

நவம்பர் 5ஆந் திகதி நிக்சன் 43.4 வீதமும் ஹம்பிரி 42.7 வீதமும் பெற்றனர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் வாக்குகளே வேறுபாடு.

இவ்விடத்தில் மறுபக்கத்தாரையும் விசாரிக்காமல் விடுவது நேர்மையன்று. மக்கார்த்தி தம் பழைய நண்பரும் ஒரே மாநிலத்தவருமான ஹம்பிரிக்கு ஆதரவு தெரிவித்தது ஒக்டோபர் 29ஆந் திகதியிற்றான்; அதுவும் அரைமனத்தோடு. அவருக்காகத் தாடி மழித்த மாணவருட் பலர் வாக்களிக்கவே செல்லவில்லை. ஹம்பிரியைத் தண்டித்தோம் என்று அவர்கள் கருதியிருக்கலாம். தண்டனை வேறிடத்தில் விழுந்தது. வியட்நாமில் இறந்த அமெரிக்கருள் 20,000க்கு மேற்பட்டோர் நிக்சனின் ஆட்சியிலேயே இறந்தனர். வியட்நாமியரின் கணக்கு அதனினும் பன்மடங்கு. வகுப்பில் இதனை விவாதிக்கும்போது மாணவர் இரு பிரிவாவர். மனச்சாட்சிக்கு விரோதமாக வாக்களிக்க முடியுமா என்று ஒரு சாரார் கேட்பர். மனச்சாட்சியைக் காப்பாற்றிக்கொள்வதற்கு யாருடைய உயிர் விலையாகக் கொடுக்கப்பட்டது என்று மறு சாரார் கேட்பர். நான் எப்பக்கம் என்று கேட்டோரும் உண்டு. அவ்வேளைகளில் வாசலில் நின்றவனின் முகம் நினைவுக்கு வரும், விடை வராது.

கட்சி தன் விதிகளை மாற்றிற்று. மக்கவேண் தலைமையில் தொடங்கிய ஆணைக்குழு, பிரதிநிதிகளைத் தெரியும் அதிகாரத்தை நகரத் தலைவர்களிடமிருந்து பறித்து வாக்காளரிடம் கொடுத்தது. 1972இல் அதே மக்கவேண் ஹம்பிரியை வென்று வேட்பாளராகி, மசசூசெற்ஸ் தவிர்ந்த 49 மாநிலங்களையும் நிக்சனிடம் இழந்தார். போரெதிர்ப்பாளர் கட்சியை வென்றபோது கட்சியில் எஞ்சியிருந்தது அவ்வளவே. ஹம்பிரி 1971இல் மீண்டும் செனற்றுக்கு வந்துவிட்டார். தொழிலாளரின் வேலையுரிமைக்காகப் பழைய ஹம்பிரியாகவே அங்கு உழைத்தார்.

அவர் 1978 சனவரி 13ஆந் திகதி புற்றுநோயால் இறந்தார். அவரது உடல் வாசிங்ரனில் கப்பிற்றோல் கட்டடத்தின் மையமண்டபத்தில் வைக்கப்பட்டபோது, அஞ்சலி செலுத்த வந்தோருள் ரிச்சட் நிக்சனும் ஒருவர். 1974இல் பதவி துறந்தபின் அவர் அந்நகருக்கு மீண்டது அதுவே முதன்முறை. இறப்பதற்குச் சில வாரங்களின் முன் தொலைபேசியில் அவரை அழைத்துப் பேசி, அங்கு வருமாறு கேட்டவர் ஹம்பிரியே. 1968 நவம்பரில் நடந்தது பற்றி அவ்வுரையாடலில் எதுவும் பேசப்பட்டதாகத் தெரியவில்லை.